ரெகுலேட்டரை மூடிய பிறகு

நீராவி எஞ்சினைப் பற்றிப் பேசுகிறவர்கள் அது இழுப்பதைப் பற்றியே பேசுவார்கள். ஏற்றத்தில் எத்தனை பேரை இழுத்தது, புகைபோக்கி எப்படி அதிர்ந்தது, பாய்லரில் அழுத்தம் நின்றதா இறங்கியதா. நான் எழுத வந்தது அது எதையுமே இழுக்காத நேரத்தைப் பற்றி. பாய்லரிலிருந்து நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரை மூடியாயிற்று, பாதை இறங்குகிறது, எஞ்சின் தன் எடையிலேயே உருள்கிறது. பார்ப்பவருக்கு அது ஓய்வு. சக்கரத்தோடு பிணைந்த பிஸ்டனுக்கோ ஓய்வு கிடையாது. சக்கரம் சுற்றும்வரை அது முன்னும் பின்னும் போய்வந்தே ஆக வேண்டும். நீராவி வராத சிலிண்டருக்குள் ஓடும் பிஸ்டன் ஒரு பம்ப். எங்கிருந்தாவது எதையாவது உறிஞ்சியே தீரும்.

எங்கிருந்து என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரெகுலேட்டர் மூடியிருப்பதால் பாய்லர் பக்கம் வழியில்லை. மிச்சம் இருப்பது, வேலை முடித்த நீராவி வெளியேறும் பிளாஸ்ட் பைப். அதன் மறுமுனை திறப்பது புகைப்பெட்டிக்குள். அங்கே சூடான புகையும் சாம்பலும் கங்கு அணையாத கரித்துகளும் சுழன்றுகொண்டிருக்கின்றன. ஒரு பக்கம் எண்ணெய் பூசி, மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தேய்த்த சிலிண்டர் சுவர். இன்னொரு பக்கம் இந்தக் குப்பை. நாம் ஒன்றும் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு இறக்கத்திலும் இரண்டும் சந்திக்கும். எண்ணெயில் குழைந்த சாம்பல் தேய்ப்புப் பசையாக மாறி, பிஸ்டன் வளையத்தையும் வால்வு முகத்தையும் சத்தமில்லாமல் அரைத்துக்கொண்டிருக்கும்.

இதைத் தடுக்கப் பொருத்துவதுதான் காற்று வால்வு. இங்கிலாந்தில் இதை ஸ்னிஃப்டிங் வால்வு என்பார்கள். நீராவி இருக்கும்போது தானாக மூடிக்கொள்ள வேண்டும். நீராவி நின்று உள்ளே வெற்றிடம் உண்டாகும்போது தானாகத் திறந்து, வெளியிலிருந்து சுத்தமான காற்றை, சிலிண்டருக்கு நீராவி தரும் அறையான ஸ்டீம் செஸ்ட் பக்கம் விட வேண்டும். அவ்வளவே அதன் வேலை. அதில் உள்ளது ஒரு குண்டு, அது அமரும் ஒரு சீட், ஒரு துளை. இத்தனை எளிய பொருள் இத்தனை கவனம் கேட்கும் இடம் ஒரு மாதிரி எஞ்சினில் வேறு எதுவும் இல்லை என்பது என் அனுபவம்.

இந்தப் பெயர் நீராவி எஞ்சின் அளவுக்கே பழையது. 1712-ல் டட்லி அருகே நியூகோமன் நிறுத்திய எஞ்சினிலும் ஒரு ஸ்னிஃப்டிங் வால்வு இருந்தது. ஆனால் அதன் வேலை நேர் எதிர்: நீராவியோடு சிலிண்டருக்குள் வந்து தேங்கிய காற்றை வெளியே தள்ளுவது. அது வெளியேறாவிட்டால் வெற்றிடம் கெட்டு எஞ்சின் நின்றுவிடும். இருநூறு ஆண்டு கழித்து ரயில் எஞ்சின்காரர்கள் அதே பெயரில் காற்றை உள்ளே விடும் வால்வைச் செய்தார்கள். பழைய ஸ்லைடு வால்வு எஞ்சின்களில் இந்தத் தொல்லை ஓரளவு குறைவு. அழுத்தம் தாறுமாறானால் தட்டையான வால்வு தன் முகத்திலிருந்து சற்றே எழும்பி வழி விட்டுவிடும். உருளை வடிவ பிஸ்டன் வால்வுக்கு எழும்ப இடமில்லை. நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டரும் பிஸ்டன் வால்வும் பரவிய பிறகுதான் காற்று வால்வு பெரிய பேச்சானது.

ஒவ்வொரு ரயில்வேயும் ஒவ்வொரு பதில் வைத்திருந்தது. இங்கிலாந்துப் பொறியாளர்களில் கிரெஸ்லி தன் பசிபிக் எஞ்சின்களில் புகைபோக்கிக்குப் பின்னால், நடுவில், ஒற்றை வால்வை வைத்தார். மான்செல் புகைப்பெட்டியின் இரு தோள்களிலும் ஒவ்வொன்றாக இரண்டு வைத்தார். ஜெர்மானியர்கள் ஸ்டீம் செஸ்ட்டின் மேலேயே பொருத்தினார்கள். கிரேட் வெஸ்டர்ன்காரர்கள் இப்படி எதுவும் வேண்டாம் என்று, இறக்கத்தில் ரெகுலேட்டரை ஒரு மயிரிழை திறந்தே வைத்து ஓட்டச் சொன்னார்கள். அதுவும் நல்ல வழிதான். ஆனால் அது ஓட்டுநரின் கையை நம்பியிருக்கும் வழி. மாதிரி எஞ்சினில், பின்னால் குழந்தைகள் அமர்ந்திருக்க, ஒரு கண் தண்ணீர் மட்டத்திலும் ஒரு கண் பாதையிலும் இருக்கும்போது, அந்த மயிரிழையைக் காப்பாற்றுவது கடினம்.

சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களில் இது இன்னும் தீவிரமாகப் போகிறது. 1871-ல் திறந்த ரிகி பல்சக்கர ரயிலைக் கட்டிய ரிகன்பாக், இறங்கும்போது சிலிண்டர்களையே காற்றழுத்தியாக்கி வேகத்தைப் பிடித்தார். அங்கேயும் முதல் நிபந்தனை, உள்ளே போகும் காற்று புகைப்பெட்டியிலிருந்து வரக்கூடாது, வெளியிலிருந்து வர வேண்டும் என்பதே. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் எக்ஸ் வகை எஞ்சின்களில் முதலில் வந்தவையும் அதே நாட்டின் வின்டர்தூரில் பிறந்தவைதான். மலையில் இறங்குவது ஏறுவதைவிடச் சுலபம் என்று அந்த நாட்டுப் பொறியாளர்கள் ஒருபோதும் எண்ணியதில்லை.

என் எஞ்சின் மான்செலின் ‘N’ வகையின் மாதிரி, 5 அங்குல கேஜ். அசல் 1917-ல் ஆஷ்ஃபோர்ட் பணிமனையில் பிறந்தது. முதல் உலகப்போர் முடிந்ததும் உல்விச் ஆயுதத் தொழிற்சாலையில் செய்த உதிரிகளைக் கொண்டு 50 எஞ்சின்கள் கட்டப்பட்டன. மொத்தம் 80; இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே. இங்கிலாந்தின் சதர்ன் ரயில்வேயில் இவை ஓடிய 1930களின் படங்களைப் பார்த்தால் புகைபோக்கிக்குப் பின்னால் இரு புறமும் இரண்டு சிறு குமிழ்கள் தெரியும். போருக்குப் பின் அவற்றைக் கழற்றிவிட்டார்கள். நான் கட்டுவது குமிழோடு இருந்த காலத்து எஞ்சின். எனவே வால்வு எங்கே என்ற முடிவை மான்செல் எனக்காக எடுத்துவிட்டார். அந்தக் குமிழை வெறும் அலங்காரமாக ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாது. அசலில் வேலை செய்த ஓர் உறுப்பு மாதிரியிலும் வேலை செய்யலாம் என்றால், அதைச் செய்யவைப்பதே அந்த எஞ்சினுக்கு நாம் தரும் மரியாதை.

முதலில் அளவு. இங்கேதான் நிதானம் வேண்டும். சிலிண்டர் விட்டம் 42 மி.மீ., வீச்சு 63.5 மி.மீ. ஒரு வீச்சுக்கு 88 கன செ.மீ. இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் இரு பக்கமும் வேலை செய்வதால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது நான்கு வீச்சு: ஏறக்குறைய 350 கன செ.மீ. சக்கர விட்டம் 148 மி.மீ. மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, இந்தச் சின்ன எஞ்சின் இறக்கத்தில் வினாடிக்கு 1.7 லிட்டர் வரை உறிஞ்சப் பார்க்கிறது.

மாதிரிக்காரர்கள் பம்ப் வால்வுகளுக்குப் பழகிய அளவு 1/8 அங்குலத் துளையும் 3/16 அங்குலக் குண்டும். கை அதற்கே போகும். அந்த 3.2 மி.மீ. துளை வழியாக 1.7 லிட்டரும் போக வேண்டுமானால் காற்று வினாடிக்கு 200 மீட்டருக்கு மேல் பாய வேண்டும். அது நடக்காது. காற்று சிரமமான வழியில் கொஞ்சமும், சுலபமான வழியில் மிச்சமுமாகப் பிரிந்துகொள்ளும். கல்யாண மண்டபத்தில் இரண்டு வாசல் இருந்தால் கூட்டம் அகலமான வாசலுக்குத்தான் போகும். குறுகலான வாசலில் வாழைமரம் கட்டி வைத்துப் பயனில்லை. இங்கே எதிர்வாசல் பிளாஸ்ட் பைப்பின் முனை. என் எஞ்சினில் அது 6 மி.மீ., பரப்பு 28 சதுர மி.மீ. சுத்தமான வழி அதைவிட நன்றாக அகலமாக இருக்க வேண்டும். வால்வு இருக்கிறதா என்பது பாதிக் கேள்வி; அது எதிர்வாசலை வெல்கிறதா என்பதே முழுக் கேள்வி.

ஒவ்வொரு வால்விலும் கால் அங்குலத் துளை, அதாவது 6.35 மி.மீ. வைத்தால் இரண்டுக்கும் சேர்த்து 63 சதுர மி.மீ. கிடைக்கிறது. காற்றின் வேகம் வினாடிக்கு 27 மீட்டராக இறங்குகிறது. பிளாஸ்ட் முனையின் இரண்டு மடங்குக்கு மேல் பரப்பு. இது போதும். ஒற்றை வால்வோடு நிறுத்தியிருந்தால் இரு வாசலும் ஏறக்குறைய சமமாகியிருக்கும். மான்செலின் இரண்டு தோள் குமிழ்கள் எனக்குக் கொடுத்த வரம் இது.

கால் அங்குலத் துளைக்கு 3/8 அங்குலக் குண்டு பொருந்தும். துளையைப்போல் ஒன்றரை மடங்கு குண்டு என்பது பழைய கணக்கு. அதற்குக் குறைந்தால் குண்டு துளையில் சிக்கிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் குண்டின் எடை மூன்றரை கிராம். நான் சிலிக்கான் நைட்ரைடு பீங்கான் குண்டு வைத்தேன். அதன் எடை 1.4 கிராம். ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று கிளப்பில் கேட்டவர்கள் உண்டு. அதற்குப் பதில் வால்வின் அமைப்பில் இருக்கிறது.

இரண்டு அமைப்பு சாத்தியம். சீட் கீழே, குண்டு மேலே அமர்ந்திருந்தால், அது எப்போதும் மூடியே இருக்கும். உறிஞ்சும்போது குண்டைத் தூக்கிக்கொண்டு காற்று வர வேண்டும். எடைக்கு ஒரு வரி கட்டுவது மாதிரி. சீட் மேலே, குண்டு கீழே தொங்கினால், நீராவி இல்லாத நேரமெல்லாம் வால்வு தானாகவே திறந்திருக்கும். நீராவி வந்து குண்டை மேலே எறிந்து மூட வேண்டும். எனக்கு இரண்டாவதே பிடிக்கும். காற்றுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் இங்கே ஓர் இழுபறி உண்டு. குண்டைச் சுற்றியிருக்கும் அறை அகலமாக இருந்தால் நீராவி குண்டைத் தூக்காமல் பக்கவாட்டில் நழுவி வெளியே சீறிக்கொண்டே இருக்கும். அறையைக் குறுக்கினால் நீராவி குண்டை உடனே பிடிக்கும், ஆனால் காற்று வரும்போது அந்த இடுக்கே தொண்டையை நெரிக்கும். துளையை எவ்வளவு பெரிதாக்கி என்ன பயன்?

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். குண்டு 9.5 மி.மீ. அறை 10.5 மி.மீ. என்றால் சுற்றியுள்ள வளைய இடைவெளி 15 சதுர மி.மீ. மட்டுமே, துளையின் பாதி. அறை 11.5 மி.மீ. என்றால் இடைவெளி 32 சதுர மி.மீ.க்குச் சற்று மேல்; துளையின் பரப்பும் ஏறக்குறைய அதுவே. அதற்கு மேல் அகலப்படுத்தினால் காற்றுக்கு ஒன்றும் கூடப்போவதில்லை, நீராவிக்குத்தான் நழுவ இடம். எனவே 11.5. அந்த இடைவெளியிலும் குண்டு சட்டென்று எழ வேண்டுமானால் அது லேசாக இருக்க வேண்டும். பீங்கான் குண்டுக்கு இதுதான் காரணம். இந்த மூன்று எண்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த மாலையில் எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவருவது கடினம்.

உலோகம் பாஸ்பர் வெண்கலம். பித்தளை லேத்தில் வெண்ணெயாக வெட்டும், விலையும் குறைவு. ஆனால் நீராவியும் சூடும் பட்டுக்கொண்டே இருந்தால் பித்தளையின் துத்தநாகம் மெல்ல வெளியேறி, உள்ளே நொறுங்கும் செம்பு மட்டும் மிஞ்சும். சூடான நீராவிப் பக்கம் எதற்கும் பித்தளை வேண்டாம் என்பது என் பிடிவாதம். பாஸ்பர் வெண்கலம் கோபக்காரப் பொருள். டிரில் மழுங்கியிருந்தால் கவ்விக்கொள்ளும், சூடேறினால் துளை சுருங்கி டிரில்லைப் பிடித்துக்கொள்ளும். கூரான டிரில், நிதானமான வேகம், தாராளமாக எண்ணெய்.

16 மி.மீ. தண்டை சக்கில் பிடித்து, முதலில் 6 மி.மீ. டிரில், பிறகு கீழ்ப்பக்கத்திலிருந்து 11.5 மி.மீ. அறை. அறையின் அடி தட்டையாக இருக்க வேண்டும். டிரில் விடும் கூம்பின்மேல் நல்ல சீட் அமையாது. அதற்கு டி-பிட். வட்டத் தண்டைப் பாதியாகத் தேய்த்து முனையைக் கடினமாக்கிய எளிய கருவி, நாமே செய்துகொள்வது. அடி தட்டையான பின்பே கால் அங்குல ரீமரை ஒரே மூச்சில் செலுத்த வேண்டும். ரீமர் கடைசியில் வருவதால் சீட்டின் விளிம்பு கூராக, பிசிரில்லாமல் நிற்கும். பிறகு அதே அளவு எஃகுக் குண்டு ஒன்றை விளிம்பில் வைத்து, பித்தளைத் தண்டு ஒன்றால் ஒரே ஒரு தட்டு. இரண்டாவது தட்டு வேண்டாம்; குண்டு துள்ளி இன்னொரு வளையத்தைப் பதித்துவிடும். பீங்கான் குண்டை ஒருநாளும் தட்டக்கூடாது. தட்டியபின் உள்ளே பார்த்தால் மயிரளவு பளபளக்கும் ஒரு வளையம் தெரியும். அந்த வளையம்தான் வால்வு. மற்றதெல்லாம் அதைத் தாங்கும் சட்டகம்.

இந்தப் பாடத்தை இங்கிலாந்தின் மாதிரிக்காரர்கள் மூன்று தலைமுறையாக ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து வருகிறார்கள். 1898-ல் பெர்சிவல் மார்ஷல் தொடங்கிய ‘மாடல் எஞ்சினியர்’ இதழில், எல்.பி.எஸ்.சி. என்ற பெயரில் 1924 முதல் எழுதியவர், சமையலறை மேசையில் லேத் வைத்திருந்தவனுக்கும் புரியும்படி இவற்றையெல்லாம் சொல்லிவைத்தார். பொம்மை என்று கருதப்பட்ட அளவில் நிஜமான ஆட்களை இழுக்கும் எஞ்சினைக் கட்டலாம் என்று நிரூபித்தவர் அவர். அவருடைய கட்டுரைகளைப் படித்த ஒவ்வொருவருக்கும் சீட்டைத் தட்டும்போது அவர் நினைவு வரும்.

அடுத்தது குண்டு எவ்வளவு இறங்கலாம் என்பது. துளையின் விட்டத்தில் கால்பங்கு இறங்கலாம் என்று வைத்தேன், இங்கே 1.6 மி.மீ. குண்டைக் கீழே தாங்குவது ஒரு மரைத் திருகு: அரை அங்குலம், அங்குலத்துக்கு 32 மரை. அந்த மரையின் ஒரு சுற்று 0.79 மி.மீ. ஆகவே திருகை குண்டு சீட்டில் முட்டும்வரை ஏற்றி, பிறகு சரியாக இரண்டு சுற்று இறக்கினால் வேண்டிய அளவு வந்துவிடும். அளவுகோல் தேவையில்லை. அங்கே ஒரு மெல்லிய பூட்டு நட்டைப் போட்டு இறுக்கிவிட வேண்டும். இந்தச் சூட்டில் மரைப் பசைகள் நிற்காது. திருகின் நடுவே 6.5 மி.மீ. துளை. குண்டு அதன்மேல் உட்கார்ந்து அதையே அடைத்துவிடாமலிருக்க, திருகின் தலையில் நான்கு காடிகள், இரண்டரை மி.மீ. அகலம், மூன்றரை மி.மீ. ஆழம். இவற்றை அரத்தாலேயே வெட்டலாம்.

வெளியே தெரியும் குமிழை வரைபட அளவுக்கே கடைந்தேன். வேலை செய்யும் உடல் முழுவதும் புகைப்பெட்டிக்குள் மறைந்திருக்கிறது. குமிழின் கீழ் விளிம்பைச் சுற்றிக் காற்று நுழையும் துளைகள். மழையும் தூசியும் நேராக விழாது. குமிழ் உட்காரும் தட்டின் அடிப்பகுதி புகைப்பெட்டியின் வளைவோடு ஒட்ட வேண்டும். அதைச் சுழலும் ஒற்றை டூலால், பெட்டியின் ஆரத்துக்கு வைத்து வெட்டினேன். தட்டையும் உடலையும் வெள்ளிப் பற்றால் இணைத்தேன். சாதாரண ஈயப்பற்று புகைப்பெட்டிச் சூட்டில் உருகிவிடும்.

பெட்டியில் துளைகளைக் குறிப்பதற்கு ஒரு காகிதப் பட்டையை விட நல்ல கருவி இல்லை. பெட்டியைச் சுற்றி ஒரு பட்டையைச் சுற்றி, சேருமிடத்தில் வெட்டி, இரண்டாக மடித்தால் நடு கிடைக்கும். அதிலிருந்து இரு பக்கமும் ஒரே தூரம் குறித்தால் இரு குமிழ்களும் ஒரே உயரத்தில் அமையும். இதில் ஒரு மி.மீ. பிசகினாலும் முன்னாலிருந்து பார்க்கும் கண் உடனே கண்டுபிடித்துவிடும். துளை வழியே காற்று புகைப்பெட்டிக்குள் கசியவே கூடாது. கசிந்தால் இழுவை போய்விடும்; பெட்டிக்குள் சேர்ந்த கரியும் அங்கேயே பற்றிக்கொள்ளும். கிராஃபைட் கயிறு வைத்து இறுக்கினேன்.

வால்விலிருந்து வரும் 8 மி.மீ. செப்புக் குழாயை எங்கே சேர்ப்பது என்பதில் இரு கட்சி உண்டு. ரெகுலேட்டருக்குப் பின், சூப்பர்ஹீட்டருக்கு முன் என்பது ஒன்று. நேராக ஸ்டீம் செஸ்ட்டில் என்பது மற்றது. இரண்டாவது கட்சியின் வாதம் வலுவானது: சூப்பர்ஹீட்டர் வழியாக வரும் காற்று மிகச் சூடாகி, சிலிண்டர் எண்ணெயைக் கருக்கலாம். குட்டையான வழி, குறைந்த தடை என்பதும் உண்மை. இருந்தும் நான் முதல் கட்சி. நீராவி ஓடாத நேரத்தில் சூப்பர்ஹீட்டர் குழாய்கள் உள்ளே எதுவும் இல்லாமல் நெருப்பில் காய்கின்றன; காற்று ஓடினால் அவற்றின் சூடு கொஞ்சமாவது இறங்கும். சிலிண்டரும் குளிர்ந்த காற்றால் திடீரென்று விறைக்காது. எண்ணெய் சூப்பர்ஹீட்டரைத் தாண்டித்தான் சேருகிறது, சக்கரத்தோடு ஓடும் லூப்ரிகேட்டர் இறக்கத்திலும் எண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எஞ்சினில் ஏற்றும் முன் பெஞ்சில் சோதனை. கீழ்முனையில் ரப்பர் குழாய் மாட்டி, வாயால் மெல்ல உறிஞ்சினால் காற்று தடையின்றி வர வேண்டும். பிறகு சட்டென்று ஊதினால் ‘டக்’ என்று குண்டு மேலே போய் மூட வேண்டும். அடுத்து கம்ப்ரஸரில் 20 பவுண்டு அழுத்தம். குமிழின் மேல் சோப்பு நீர். குமிழி எழவில்லை என்றால் சீட் சரி. மெதுவாக அழுத்தத்தை ஏற்றினால் குண்டு தயங்கி, சீறல் கேட்கும். அது குறையில்லை, இந்த அமைப்பின் இயல்பு. ஓடும்போதும் ரெகுலேட்டரைத் தயங்கித் தயங்கித் திறந்தால் இரு தோள்களிலும் ஒரு வினாடி நீராவி மின்னும். உறுதியாகத் திறந்தால் ஒன்றும் தெரியாது.

முதல் பருவம் முடிந்து ஸ்டீம் செஸ்ட்டின் மூடியைக் கழற்றியபோது உள்ளே பழுப்பு நிற எண்ணெய்ப் படலம் மட்டுமே இருந்தது. விரலால் தேய்த்தால் நறநறப்பு இல்லை. இந்த வால்வு இல்லாமல் பல ஆண்டு ஓடிய எஞ்சின்களைத் திறந்து உதவியிருக்கிறேன். அவற்றில் வரும் கறுப்புக் களிம்பைத் தொட்டவர்களுக்கு இந்தப் பழுப்பின் அருமை தெரியும்.

வால்வு மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடாது. அது காற்றைக் கொடுப்பது ஸ்டீம் செஸ்ட்டுக்கு. அங்கிருந்து சிலிண்டருக்குள் போவது, உள்வாயில் திறந்திருக்கும் நேரம் மட்டும். அந்த நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் லிவரை நடுப்பக்கம் இழுத்து வைத்திருந்தால் உள்வாயில் சீக்கிரமே மூடிவிடும். பிஸ்டன் மிச்ச தூரம் வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு போகும். வெளிவாயில் திறந்த கணம் புகைப்பெட்டியின் குப்பை உள்ளே பாயும். ஆகவே இறக்கத்தின் தொடக்கத்தில் முதலில், புகைபோக்கிக்குள் நீராவி பீய்ச்சி இழுவை தரும் புளோயரைக் கொஞ்சம் திறக்கிறேன், பிறகு ரெகுலேட்டரை மூடுகிறேன், அதன் பின் லிவரை முழுக்க முன்னே தள்ளுகிறேன். புளோயருக்கு முன் ரெகுலேட்டரை மூடினால் இழுவை நின்று நெருப்பு கதவு வழியே நம் பக்கம் திரும்பும். நீராவி இருக்கும்போதே லிவரைத் தள்ளினால் எஞ்சின் முன்னால் பாய்ந்து பின்னால் இருப்பவர்களைக் குலுக்கும். திறந்த புளோயர் இன்னொன்றும் செய்கிறது: புகைப்பெட்டியின் அழுத்தத்தைச் சற்றே இறக்கி, அங்கிருப்பதைப் புகைபோக்கி வழியே மேலே இழுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் பிளாஸ்ட் முனை வழியாக உள்ளே வருவது இன்னும் கொஞ்சம் கடினமாகிறது, குமிழ்கள் வழியாக வருவது அந்த அளவுக்குச் சுலபமாகிறது.